சிறகிக்குளத்தில் நான் வெட்டிய குழி

முதல் மண்ணை நான்தான் வெட்டவேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் சிவராசா. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நான் அங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்தபோது, அச்சுவேலிக்கு அப்பால் சிறகிக்குளம் என்ற சிறிய ஊரின் வாசிகசாலைச் செயலாளராக இருந்த இளைஞர். இப்போது அந்த ஊர்ச் சங்கத்தின் தலைவர். “ஐம்பத்தெட்டில் மாஸ்டர் தொடக்கிவைத்த வேலையைப் புல்டோசர் கொண்டு முடிக்கப்போகிறோம். குளத்தை இன்னும் ஆறு அடி ஆழமாக்கினால் பழையபடி தண்ணீர் நிற்கும், பறவைகளும் வரும். தாங்கள் வந்து முதல் மண் வெட்டித்தர வேண்டும்” என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

அந்தக் குளத்தைக் கெடுத்தவன் நான். கெடுத்தது அறியாமை. அறிந்த பிறகு செய்ததுதான் பாவம். பழியை நாகமணி என்ற விவசாயியின் தலையில் வைத்துவிட்டுத் தமிழ்நாட்டில் என் ஊருக்குக் கப்பல் ஏறினேன். இப்போது நான் வாய் திறக்காவிட்டால், அன்று மண்வெட்டியால் செய்த தவற்றை இன்று இயந்திரத்தால் செய்துமுடித்துவிடுவார்கள்.

பதில் கடிதத்தில் உண்மையை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எழுத எழுத என்னை நானே நல்லவனாக்கிக்கொண்டு போனேன். அதனால் அறுபத்தேழு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். விழாவுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

கடல் அமைதியாக இருந்தது. தலைமன்னாரில் சுங்க அதிகாரி என் பையைக் கிளறிப் பைனாகுலரை வெளியே எடுத்தார்.

“இது என்னத்துக்கு, ஐயா?”

“பறவை பார்க்க.”

“எந்த இடத்திலை?”

“அச்சுவேலிப் பக்கம். சிறகிக்குளத்தில்.”

அவர் அந்தப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. “அங்கை இப்ப நிக்கிறது ரெண்டு காகம். அதுகளுக்கு உது தேவையில்லை” என்று திருப்பி உள்ளே வைத்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு நடுவயது அம்மா. வண்டி நகர்ந்ததும் மடியில் பார்சலைப் பிரித்தார். புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், தனியே ஒரு பொட்டலத்தில் கணவாய்க் கறி. எனக்கும் பகிரப் போனார். நான் கணவாயைத் தள்ளிவைத்ததைப் பார்த்து, “ஐயா சைவமோ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நாங்களும் சைவம்தான். வெள்ளிக்கிழமையிலை” என்றார்.

எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் புட்டு என்றால் நவராத்திரிக்கு ஒருநாள் செய்யும் இனிப்பு. இங்கே அது சோறுபோல. பனை ஓலையில் பின்னிய கூம்புப் பெட்டியில் அவித்து உதிர்த்த அந்த மாவின் வாசனை மூக்கில் ஏறியதும், நாலு வருடம் நான் தங்கியிருந்த வீட்டுச் சமையலறையும் காலைநேரமும் அப்படியே திரும்பி வந்தன. புரையேறியதுபோல் இருமினேன். அந்த அம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

சனிக்கிழமை காலை சிவராசா ஸ்டேஷனுக்கு வாடகைக் கார் கொண்டுவந்திருந்தார். எனக்கும் காருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். இடப்பக்கக் கதவு திறக்காது. வலப்பக்கம் ஏறி நகர்ந்து உட்காரவேண்டும். ஏறி நகர்ந்தேன். சிவராசாவுக்கு முன்தலை வழுக்கை, கண்ணாடி, கொஞ்சம் தொந்தி. சிரிப்பு மட்டும் அதேதான்.

“என்ன மாஸ்டர், மெலிஞ்சுபோனியள்?”

“நீங்கள் எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.”

“அப்பவும் மாஸ்டருக்கு வாய்தான்” என்று கார்க்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

வீட்டில் அவருடைய மனைவி இடியப்பமும் சொதியும் வைத்தார். தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்ட அந்தச் சொதியை நான் எங்கள் வீட்டில் பலமுறை செய்யச்சொல்லிப் பார்த்திருக்கிறேன், வந்ததில்லை. பிறகு தேநீர். முதல் மிடறிலேயே நாக்கில் உப்புக் கரித்தது.

“மன்னியுங்கோ மாஸ்டர்” என்றார் அந்த அம்மா. “நல்ல தண்ணிக்கு ரெண்டு கட்டை தூரம் போகவேணும். அது சமையலுக்குத்தான் காணும். தேத்தண்ணிக்கு எங்கடை கிணறுதான்.”

“குளம் சரிவந்தால் எல்லாம் சரிவரும்” என்றார் சிவராசா. நான் முழுக் கோப்பையையும் குடித்தேன்.

நான் முதன்முதலில் அந்தக் குளத்தைக் கண்டது ஐம்பத்தாறாம் வருடம் கார்த்திகை மாதத்தில். சைக்கிளில் அச்சுவேலிச் சந்தைக்குப் போனவன், தலைக்கு மேலே விசில் அடித்துக்கொண்டு போன பறவைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து வழிதவறி வந்து சேர்ந்தேன். பனங்கூடல் முடிந்த இடத்தில் திடீரென்று தண்ணீர். ஒரு மைல் நீளம் இருக்கும். எங்கேயும் இடுப்புக்கு மேல் ஆழமில்லை. நடுக்குளத்தில் எருமைகள் நின்றன. எருமைகளின் முதுகில் உண்ணிக்கொக்குகள். கரையோரப் புல்லில் தாழைக்கோழிகள். அப்பால் கரண்டிவாயன்கள் வரிசையாக நின்று, களம் கூட்டும் பெண்களைப்போலத் தலையை இடமும் வலமும் ஆட்டித் தண்ணீரைத் துழாவின. நீர்ப்பரப்பு முழுவதும் சிறகிகள். அந்த விசில் சத்தக்காரர்கள் அவைதான். ஊருக்கே பெயர் கொடுத்தவை. ஒரு நாய் குரைத்ததும் எல்லாம் ஒன்றாக எழுந்தன. குளமே எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி படுத்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு நான் பெரும்பாலும் அங்கேதான் இருந்தேன். விடியுமுன் சைக்கிளை எடுத்தால், பனித்துளி செருப்பை நனைக்க, பள்ளிக்கூட மணிக்கு அரைமணி முன்வரை குளக்கரை. கையில் பறவைகளை எண்ணிக் குறிக்கும் நோட்டுப் புத்தகம். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள், “இண்டைக்கு எத்தினை மாஸ்டர்?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நாற்பத்தைந்து வயதில், வீட்டைவிட்டு வந்து தனியாகக் கிடந்த எனக்கு, அந்தக் கேள்விதான் உறவு. அவ்வளவு மகிழ்ச்சியாக நான் வேறு எங்கும் இருந்ததில்லை.

ஒரே ஒரு குறை. சித்திரை கடந்தால் குளம் வற்றிவிடும். பறவைகள் போய்விடும். வெடித்த சேற்றில் மாடுகள் நிற்கும். நான் மதுராந்தகம் ஏரிப் பக்கத்தில் பிறந்தவன். கோடையில் தூர் வாருவதும், ஆழப்படுத்துவதும், மண்ணை வயலுக்கு அடிப்பதும் எங்களுக்குப் பிறவியிலேயே தெரிந்த வேலை. இவர்களோ குளத்தில் ஒரு கூடை மண் எடுப்பதில்லை. அதற்குப் பதில், புரட்டாசியில் முதல் தூறல் விழுந்ததும் ஊர் மாடுகளை எல்லாம் குளத்துக்குள் இறக்கி இரண்டு நாள் சுற்றிச் சுற்றி ஓட்டி அடிக்களியை மிதிக்கவிடுவார்கள். ‘குளம் மிதிக்கிறது’ என்று பெயர். பெண்கள் கரையில் கூழ் காய்ச்சுவார்கள். அதை முன்னின்று நடத்துகிறவர் நாகமணி. தொண்டை பெரியது, அவர் அதட்டினால் மாடுகளோடு நாங்களும் நடப்போம். திருவிழாபோல இருக்கும். களி இறுகத்தான் மிதிக்கிறார்கள் என்று விளங்காத எனக்கு அது ஒரு வேடிக்கையான வழக்கமாகப்பட்டது.

நடுக்குளத்தில் ஆழமாக ஒரு பெரிய குழி வெட்டினால் கோடையிலும் தண்ணீர் நிற்கும், பறவைகள் வருடம் முழுவதும் இருக்கும் என்று வாசிகசாலை இளைஞர்களிடம் சொன்னது நான். ஐம்பத்தெட்டு ஆவணியில் வெட்டினோம். சிவராசாவும் வெட்டினார். மூன்றாம் நாள் நாகமணி வந்து குழியின் விளிம்பில் நின்றார்.

“மாஸ்டர், உது சட்டி. சட்டியின்ரை அடியைச் சுரண்டக் கூடாது. கீழை கல்லு, கல்லுக்குக் கீழை உப்பு.”

“நாகமணி, நாங்கள் ஏரி நாட்டுக்காரர்கள். எங்களுக்கு மாட்டை விட்டு ஏரி கட்டத் தெரியாது. மண்வெட்டிதான் தெரியும்” என்றேன். இளைஞர்கள் சிரித்தார்கள். அவர் திரும்பிப் போனார்.

அந்த மாரியில் குளம் தளும்பியது. தைப்பொங்கல் முடிவதற்குள் தண்ணீர் விறுவிறென்று இறங்கியது. ஒருநாள் காலை குழிவரை நடந்து போனேன். தண்ணீரில் கிடந்த பனையோலைத் துண்டு ஒன்று மெல்லச் சுழன்று, நட்டுக்குத்தாக நின்று, உள்ளே போயிற்று. காலால் தடவினேன். களிமண் இல்லை, கல், கல்லில் பொந்து. அந்த மாசியில் சிறகிகள் இல்லை. அடுத்த கோடையில் அதே பொந்து வழியாகக் கீழேயிருந்து உப்புத் தண்ணீர் ஊறியது. சுற்றியிருந்த கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரிக்கத் தொடங்கின.

ஊர் கோயிலடியில் கூடியது. “மாஸ்டர் விஞ்ஞானம் படிச்சவர். அவர் சொல்லட்டும்” என்றார்கள். நான் எழுந்து, இறைப்பு இயந்திரம் நிலத்தடி நன்னீரை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் உப்பு மேலே ஏறும் என்றேன். விஞ்ஞானம் சரிதான். ஆனால் அந்த ஊரில் அன்று இருந்தது ஒரே ஒரு இயந்திரம். புகையிலைக்கு இறைக்க நாகமணி வாங்கியிருந்த மண்ணெண்ணெய் மெசின். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் குனிந்துகொண்டு இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கிணற்றில் பலருக்குப் பங்கு உண்டு. பங்குக்காரர் ஒவ்வொருவருக்கும் இறைப்பதற்கு நாளும் நேரமும் உண்டு. அதை முறை என்பார்கள். ஆறில்லாத நாட்டில் ஒரு மனிதனின் நிலத்தைவிட அவன் முறை பெரிது. நாகமணிக்குச் செவ்வாய்க்கிழமை, விடியலிலிருந்து வெயில் உச்சிக்கு ஏறும்வரை. அந்த முறையைக் கூட்டத்தில் கைதூக்கிப் பறித்தார்கள். தண்ணீரில்லாத நிலத்தை வைத்து என்ன செய்வது? விற்றுவிட்டு வன்னிக்குப் போனார். நான் அடுத்த வருடமே வேலையை விட்டு ஊர் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சிவராசாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு தனியாகக் குளத்துக்குப் போனேன். பனங்கூடல் பாதிக்குமேல் இல்லை. அது முடிந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று உப்புத் தரை. அங்கங்கே செங்கல் நிறத்தில் உமரிப் பூண்டு படர்ந்திருந்தது. தூரத்தில் உள்ளான்கள் நாலைந்து ஓடின. பைனாகுலரை எடுத்தேன். கையில் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு, உறையில் போட்டேன். நடுவில் உமரிகூட முளைக்காத ஒரு பள்ளம், தட்டைப்போல மினுங்கியது. அதன் அருகே போகாமலே திரும்பினேன்.

திரும்பும் வழியில் முள் ஏறிப் பின்சக்கரம் காற்றுப் போயிற்று. சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்திக்கு வந்தேன். பூவரச மரத்தின் கீழ் ஒரு தகரக் கொட்டில். ஊரில் இருக்கும் ஒரே சைக்கிள் கடை. பெட்டிமேல் உட்கார்ந்து, டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “வாங்கோ மாஸ்டர்” என்றார்.

தொண்டையைக் கேட்டுத்தான் எனக்கு ஆள் தெரிந்தது. நாகமணி. வன்னியிலிருந்து எப்போதோ திரும்பியிருக்கிறார். சிவராசா எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மடியில் ஒரு மெசின் உதிரிப்பாகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த ஒருவர், “ஆர் அண்ணை இவர்?” என்று கேட்டார்.

“எங்கடை விலங்கியல் மாஸ்டர். நாங்கள் வெங்காயம் நடேக்கை இவர் குருவி எண்ணுவார். எண்ணி எண்ணி எல்லாம் பறந்துபோச்சுது.”

“அண்ணை, கதையை விட்டிட்டு உந்த வால்வை ஒருக்கால் பாருங்கோவன்.”

“மெசின் சாமான் நான் தொடன் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? அச்சுவேலிக்குக் கொண்டுபோ.”

அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஊரிலை வீட்டுக்கு ஒரு மெசின் ஓடுது, மாஸ்டர். அண்ணை மட்டும் நோன்பு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகமணி என் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டயரை நெம்பினார். கைகள் கறுத்துக் காய்த்திருந்தன. பிறகு, டியூபைப் பார்த்தபடியே சொன்னார்:

“உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும் எண்டு கனகாலமா இருந்தனான். அண்டைக்குக் கோயிலடியிலை உங்களைக் கண்டபடி ஏசிப்போட்டன். நினைவிருக்கோ?”

“இருக்கிறது.”

“பேந்து வன்னியிலை இருந்து யோசிச்சனான். படிச்ச மனிசன். பொய் சொல்லி அவருக்கு என்ன ஆதாயம்? மெசின்தான் இழுத்திருக்கு. ஆசையிலை வாங்கி, ஊரின்ரை தண்ணியை நான்தான் கெடுத்துப்போட்டன். உந்தப் பிள்ளையள் உப்புத் தண்ணியிலை முகம் கழுவேக்கை பாக்கேலாமல் இருக்கும். நீங்கள் வந்தால் மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு நினைச்சிருந்தனான். கேட்டிட்டன்.”

அவர் என்னை வெறுத்திருப்பார் என்று எண்ணியிருந்தேன். வெறுப்புக்கு நான் தயாராக வந்திருந்தேன். நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பத்தொன்பது வருடம் அந்த மனிதர் என் பொய்யை உண்மையென்று சுமந்திருக்கிறார். அந்த நிமிடமே சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது இதுதான்:

“காற்று போதுமா என்று பாருங்கள்.”

“ஓம், போதும்” என்றார் டயரை அமுக்கிப் பார்த்து.

திங்கட்கிழமை காலை குளத்துக்குள் பந்தல் போட்டிருந்தார்கள். வாழை, நிறைகுடம், அளவெட்டியிலிருந்து மேளகாரர். மஞ்சள் புல்டோசருக்கு மாலை. அதை ஓட்ட வந்தவர் அநுராதபுரத்துப் பக்கத்துச் சிங்களவர். பண்டார என்று பெயர். நிழலில் உட்கார்ந்து வடையும் தேநீருமாக இருந்தார். ஒரு மண்வெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாத்தியிருந்தது.

சிவராசா என்னைப் பற்றிப் பேசினார். கேட்கக் கூச்சமாக இருக்கும்படி பேசினார். மாலை போட்டார்கள். மண்வெட்டியைத் தந்தார்கள். நான் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மைக் முன்னால் போனேன். கூட்டத்தின் கடைசியில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நாகமணி நிற்பது தெரிந்தது. அவரைப் பார்த்துத்தான் பேசினேன்.

“இந்தக் குளத்தைக் கெடுத்தது நாகமணியின் மெசின் இல்லை. நான் வெட்டச்சொன்ன குழி. அடிக்களியை வெட்டி எடுத்துக் கல்லைத் திறந்துவிட்டோம். வெட்டும்போதே நாகமணி சொன்னார், நான் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் அந்த வழியாகப் போவதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகுதான் கோயிலடியில் மெசின் என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். என்னை யாரும் குறைவாக நினைக்கக்கூடாது என்று சொன்னேன். இனியும் ஆழமாக வெட்டினால் மிச்சமிருக்கும் அடியும் போய்விடும்.”

இதற்குமேல் சொல்ல எழுதிவைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. மைக் ஒருமுறை கீச்சிட்டு ஓய்ந்தது.

சிவராசா என் முழங்கையைப் பிடித்தார். “மாஸ்டர், வெயில் கடுமை. வந்து இருங்கோ.”

“வெயில் இல்லை, சிவராசா.”

கூட்டம் இரைந்தது. சிலர் வயதுபோன மனிதரின் குழப்பம் என்றார்கள். சிலர் மேளகாரரைப் பார்த்தார்கள், அவர் வாசித்தால் நல்லது என்பதுபோல. அப்போது முன்வரிசையில் இருந்த செல்லம்மா எழுந்தார். எழுபது வயது, அந்தப் பழைய கிணற்றுப் பங்குக்காரி.

“கதையை விட்டிட்டு இடத்தைக் காட்டுங்கோ, மாஸ்டர். அலவாங்கு போட்டுப் பாத்தால் தெரியும்தானே.”

நான் அந்த மினுங்கும் பள்ளத்துக்கு நடந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். முதலில் பள்ளத்துக்கு வெளியே அலவாங்கால் குத்தினார்கள். அந்த இரும்புக்கோல் களியில் சிக்கி, இரண்டு பேர் இழுத்துத்தான் வெளியே வந்தது. பிறகு பள்ளத்தில் குத்தினார்கள். மணலில் இறங்குவதுபோல இறங்கி, எதிலோ தட்டி, வழுக்கி, கைப்பிடிவரை போயிற்று. வெளியே எடுத்தபோது நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. செல்லம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

“கடல்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் ஊரைப் பார்த்துச் சொன்னார்: “அப்ப நாகமணி? அவன்ரை முறையைப் பறிச்சனாங்களெல்லோ. நானும் கை தூக்கினனான். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, அவன்ரை முறை.”

திரும்பிப் பார்த்தேன். நாகமணி நின்ற இடத்தில் உப்புத் தரைமேல் சைக்கிள் சக்கரத்தின் தடம் மட்டும் இருந்தது.

நடந்ததை ஒருவர் சிங்களத்தில் பண்டாரவுக்கு விளக்கினார். அவர் சொன்னதை அதே ஆள் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “எங்கள் ஊரிலும் குளத்தின் அடியைக் கீற மாட்டார்கள். இதை என்னிடமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு வெட்டினாலும் தள்ளினாலும் ஒன்றுதான். களி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், கொண்டுவந்து மூடுகிறேன்.” சங்கத்துக்காரர்கள் பந்தலுக்குள் நெடுநேரம் சத்தம்போட்டார்கள். வெட்டுவதில்லை, மேற்குக் கரையிலிருந்து களி கொண்டுவந்து பள்ளத்தை மூடுவது என்று கடைசியில் முடிவாயிற்று. அது நிற்குமா என்று எனக்குத் தெரியாது. நிறையப் பொந்துகள் இப்போது இருக்கலாம். மெசின்களும் இப்போது நிறைய. ஒரு மெசின் செய்யாததை ஊர் முழுதும் ஓடுகிற மெசின்கள் செய்யலாம் என்றும் சொன்னேன். அதை யாரும் விரும்பிக் கேட்கவில்லை.

பகல் சாப்பாட்டில் சிவராசா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். “எங்கடை கையும் சேர்ந்து வெட்டினதுதானே” என்றார். பிறகு, “நீங்கள் கடிதத்திலை எழுதியிருக்கலாம், மாஸ்டர்.”

“எழுதியிருக்கலாம்.”

அவர் யோசித்தார். “எழுதியிருந்தால் நான் ஒருத்தருக்கும் காட்டியிருக்கமாட்டன்” என்றார்.

மாலையில் சந்திக்குப் போனேன். சைக்கிள் கடை பூட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அதே கார் வந்தது. சிவராசா வாசல்வரை வந்து வழியனுப்பினார், ஸ்டேஷனுக்கு வரவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. வலப்பக்கம் ஏறி நகர்ந்து உட்கார்ந்தேன். தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒழுங்கையில், பழைய பங்குக் கிணறு தெரிந்தது. காரை நிறுத்தச் சொன்னேன்.

“கோச்சிக்கு நேரமில்லை, ஐயா” என்றார் கார்க்காரர்.

“ஐந்து நிமிடம். ரயில் போய்விடாது.”

நாகமணி கிணற்றில் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, நெஞ்சுவரை நனைந்து, கப்பியில் கயிறு போட்டு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களின் மெசின் பக்கத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. வாளியைத் தூக்கிச் சீமெந்து வாய்க்காலில் சரித்தார். தண்ணீர் ஓடிப் போய், எதுவும் நடாத ஒரு துண்டு வெறும் நிலத்தில் பரவியது. சற்றுத் தள்ளிச் செல்லம்மா நின்றுகொண்டிருந்தார். அடுத்த முறை அவருடையது. அவருடைய வெங்காயப் பாத்திகள் காய்ந்து கிடந்தன. முந்தின இரவே நாகமணிக்குச் சொல்லியனுப்பியவர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

“நாகமணி” என்றேன்.

“மைக்கிலை எல்லாம் கேட்டது, மாஸ்டர்.”

இரண்டு வாளி இறைத்தார்.

“இது யாருடைய தோட்டம்?” என்றேன். முட்டாள்தனமான கேள்வி. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

“எனக்குத் தோட்டம் இல்லை. முறை இருக்கு.”

கிட்டப் போய்க் கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

“விடுங்கோ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “இதிலை உங்களுக்குப் பங்கில்லை.”

நான் விலகி, அங்கே கிடந்த பனங்குற்றியில் உட்கார்ந்தேன். கார்க்காரர் இருமுறை ஹோர்ன் அடித்தார். பிறகு இறங்கி வந்து அவரும் நின்று பார்த்தார். வெயில் பனைகளின் தலையைத் தாண்டியது. வாளி போவதும் வருவதுமாக இருந்தது. இடையில் ஒருமுறை அவர் நின்று மூச்சு வாங்கினார். செல்லம்மா தன் செம்பை எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்தார். நாகமணி கையசைத்து வேண்டாம் என்றார். மறுபடி இறைத்தார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது வாளியைக் கவிழ்த்து வைத்தார். கயிற்றைச் சுருட்டினார். செல்லம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் போய் மெசின்மேல் கிடந்த சாக்கை எடுத்தார்.

என்னைக் கடந்து போகும்போது நாகமணி நின்றார்.

“கோச்சி போயிருக்கும், மாஸ்டர்.”

“ஓம்” என்றேன்.